எந்த விமானத்தில் ஏறுவது?

ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு நெடும் பிரயாணம் புதிதன்று. இவ்வூரில் பிறந்த குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டிலேயே காசி மாநகரம் சென்று, அங்கே மடம் கண்டார். எந்த வண்டியில் போவது, எவருக்கு எவ்வளவு கட்டணம் என்றெல்லாம் அவர் மயங்கி நின்றிருக்க மாட்டார். போவது என்று முடிவு செய்வதே அக்காலத்தில் கடினம். முடிவு செய்தபின் வழி ஒன்றுதான். நம் காலத்திலோ போவதென்று முடிவு செய்வது எளிது. எதில் போவது என்று முடிவு செய்வதற்குள் அரைநாள் போய்விடுகிறது.

2025-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் நம்முடைய அத்தையாரைச் சென்னைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. அவருக்கு வயது எழுபத்தெட்டு. இடக் கண்ணில் புரை முற்றிவிட்டது. திருநெல்வேலியிலும் மதுரையிலும் பெயர்பெற்ற கண் ஆஸ்பத்திரிகள் இல்லாமலில்லை. ஆனால் வலக் கண்ணைச் சென்னையில் மகன் வீட்டில் தங்கிச் சரி செய்துகொண்டவர், இடக் கண்ணையும் அதே டாக்டரிடந்தான் காட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். டாக்டரும் நாள் குறித்துவிட்டார்: புதன்கிழமை காலை எட்டு மணி. அன்று தவறினால் மறுபடி இடம் கிடைக்க ஒரு மாதம் ஆகும்.

ஆற்றின் இரு கரைகள்

நம் ஊரின் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கள்ளபிரான் கோயிலும், கடைத்தெருவும், நம் வீடும் தாமிரபரணியின் வடகரையில் இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் தென்கரையில் இருக்கிறது. விமான நிலையமோ வடகிழக்கே இருபது கிலோமீட்டர் அளவில், திருநெல்வேலி - தூத்துக்குடி நெடுஞ்சாலையை அடுத்த வாகைக்குளத்தில் இருக்கிறது. ஆகவே ஆற்றைத் தாண்டினால் ரயில், தாண்டாவிட்டால் விமானம்.

அத்தையின் மனம் எப்போதும் தென்கரையிலேயே இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் விசித்திரமானது.

2023 டிசம்பர் 17-ஆந் தேதி இரவை இந்த ஜில்லாவில் எவரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் எண்ணூறு பிரயாணிகளுடன் நம் ஊர் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. செய்துங்கநல்லூருக்குப் போகும் வழியில் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அந்த வண்டியில், நம் ஊரில் ஏறிச் சென்னைக்குப் போக உட்கார்ந்திருந்தார் அத்தை. ஆற்றுக்கு அக்கரையில் வீடு, இக்கரையில் வண்டி, நடுவிலே கடல் போல் வெள்ளம். சொந்த ஊரை விட்டு ஓர் அடியும் நகராமல் இரண்டு நாள் ரயிலில் இருந்தவர் அவர்.

அக்கம்பக்கத்துக் கிராமத்தார் தங்கள் வீட்டு வெள்ளத்தையும் பொருட்படுத்தாமல், இருந்த அரிசியைப் பொங்கி வண்டிக்குக் கொண்டு வந்து கொடுத்தார்கள். பின்பு ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. 19-ஆந் தேதி பிரயாணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். இதையெல்லாம் கேட்பவர்கள், அத்தை இனி ரயில் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்றுதான் நினைப்பார்கள். அத்தையின் நியாயம் வேறு.

"ஏல ஐயா, ரயில் நின்னா நாலு ஊர்க்காரன் சோறு கொண்டு வருவான். ஆகாசத்துல நின்னா எவன்ல கொண்டு வருவான்?" என்றார்.

இதற்கு நம்மிடம் விடையில்லை. ஆனால் இரவு வண்டியில் எழுந்து நடமாட அவரால் இப்போது முடியவில்லை. வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டிருந்தது. சென்னையிலுள்ள மகன் நாள்தோறும் தொலைபேசியில் மன்றாடினார். கடைசியில் அத்தை, "சரி, உன் இஷ்டம். ஆனா எந்தக் கம்பெனி ஏரோப்ளேன்னு விசாரிச்சு ஏத்து" என்று உத்தரவு கொடுத்தார். அந்த விசாரணைதான் இக்கட்டுரை.

ஆயிரத்து இருநூறு ரூபாய் லாபம்

விசாரித்தால் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர், "எது மலிவோ அதில் போங்கள், எல்லாம் ஒரே ஆகாயந்தானே?" என்றார். ஓவிய ஆசிரியர், "சிற்றுண்டி கொடுக்கிற கம்பெனியாகப் பாருங்கள்" என்றார். கணக்கு ஆசிரியர் சொன்ன வழியில் நாம் முன்பு ஒருமுறை போனதுண்டு. அந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மதியம், கல்லூரியில் நமக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியர் சென்னையில் காலமானார் என்று செய்தி வந்தது. மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு இறுதி யாத்திரை. வாகைக்குளத்திலிருந்து அன்று மாலைக்குள் இரண்டு விமானங்கள் இருந்தன. முன்னே புறப்படுவதற்குக் கட்டணம் ரூபாய் 5,900. கடைசியாகப் புறப்படுவதற்கு, மற்றொரு கம்பெனியில், ரூபாய் 4,700. எப்படியும் இரவு ஒன்பதுக்குள் சென்னையில் இருப்போம். எதற்கு ஆயிரத்து இருநூறு ரூபாயை வீசி எறிவது என்று மலிவானதை வாங்கினோம். நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோதே முதல் விமானம் நம் கண்ணெதிரே எழும்பிப் போயிற்று. நம்முடையது வரவில்லை. முதலில் ஒரு மணி தாமதம் என்றார்கள். பிறகு இரண்டு மணி என்றார்கள். கடைசியில் ரத்து என்றார்கள். இரவு பஸ் பிடித்து, மறுநாள் நகரத்து நெரிசலில் ஊர்ந்து, வீட்டு வாசலில் இறங்கியபோது எல்லோரும் மயானத்துக்குப் புறப்பட்டுப்போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் நாள் டிக்கெட்டுப் பணம் முழுவதும் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. ஒரு காசு குறையவில்லை. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. விமானம் என்றால் எந்தக் கம்பெனிக்கும் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். தவறு நம்முடையது. அன்றைய கடைசி விமானத்தில், மறுநாள் காலைக் காரியத்தை நம்பி ஏறினோம். முன்னதில் போயிருந்து அது ரத்தாகியிருந்தால் பின்னது ஒன்று இருந்திருக்கும். பின்னதை நம்பியவர்களுக்கு ஒன்றும் மீதியில்லை. அதையும் மலிவு என்று பெயரிட்டு நாமே வாங்கினோம்.

கப்பலும் குடையும்

மலிவு என்னும் சொல்லைக் கேட்டதும் தூத்துக்குடிச் சீமைக்காரர்களுக்கு வேறொரு கதை நினைவுக்கு வர வேண்டும். இரண்டு கம்பெனிகளுள் எதில் ஏறுவது என்ற கேள்வி இந்த முத்துக்குளித்துறைக் கடற்கரைக்குப் புதியதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே அது எழுந்தது. அன்று அது ஆகாய வழியில் அல்ல, கடல் வழியில் எழுந்தது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவுப் பிரயாணம். அந்த வழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் நடத்திய வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். முதலில் வாடகைக்குப் பேசிய கப்பலை வெள்ளைக் கம்பெனி கெடுத்து நிறுத்தியபோது, கொழும்பிலிருந்து வேறு கப்பல் கொணர்ந்தார் பிள்ளை. 1907-ல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் கம்பெனிக்குச் சொந்தமாக வந்து சேர்ந்தன.

பிறகு கட்டண யுத்தம் மூண்டது. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்குக் குறைத்தது. உடனே வெள்ளைக் கம்பெனி கட்டணமே வேண்டாம் என்றது. அத்தோடு ஏறுகிறவர்களுக்குக் குடை ஒன்றும் இனாமாகக் கொடுத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இலவசமாகக் கடல் தாண்டி, கையில் குடையோடும் இறங்கலாம்! அவ்வளவு ஆசைக்கும் அகப்படாமல், எட்டணாக் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் நம் முன்னோர். அவர்கள் பெரும்பாலும் சில்லறை வியாபாரிகளும் கூலிக்காரர்களுமே; எட்டணா அவர்களுக்குச் சிறு தொகையன்று. குடை கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான் என்று அவர்கள் யோசித்தார்கள். போட்டிக்காரன் ஒழிந்த மறுநாள் அந்தக் குடையின் விலையும் சேர்த்து வசூலாகும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தார்கள்.

மேலே நடந்தது நேயர்கள் அறிந்ததே. 1908 மார்ச்சு 12-ல் பிள்ளை கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறையில் செக்கிழுக்க, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கொழும்பு வழியில் மறுபடியும் ஒரே கம்பெனி மிஞ்சியது.

இந்தக் கதையை அத்தைக்குச் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சொல்ற ஏரோப்ளேன்ல குடை கொடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். "கொடுக்க மாட்டார்கள், அத்தை" என்றோம். "அப்ப சரி" என்றார்.

ஓடுபாதையின் நீளம்

இக்காலத்தில் நம் ஊர்களுக்கிடையே பறப்பவை எல்லாம் நம் நாட்டுக் கம்பெனிகளே. ஆகவே சுதேசி, விதேசி என்ற பேச்சு இங்கே இல்லை. ஆனால் ஒரு கம்பெனியா, பல கம்பெனிகளா என்ற கேள்வி போகவில்லை.

1932-ல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அந்தத் தபால் சென்னை வரை வந்தது. சுதந்திரத்தை ஒட்டிப் பல கம்பெனிகள் தோன்றின. 1953-ல் சர்க்கார் அவற்றை நாட்டுடைமையாக்கியபோது, உள்நாட்டில் பறக்க இந்தியன் ஏர்லைன்ஸ் ஒன்றே மிஞ்சியது. அடுத்த நாற்பது ஆண்டுகள் பிரயாணிகளுக்குத் தேர்ந்தெடுக்கும் கஷ்டமே இல்லை. 1990-களில் கதவு திறந்தது. தனியார் கம்பெனிகள் புற்றீசல் போல் வந்தன. புற்றீசல் போலவே பல மறைந்தன. ஏர் டெக்கானை வாங்கிய கிங்ஃபிஷர் 2012-ல் ஓய்ந்தது. ஜெட் ஏர்வேஸ் 2019-ல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023-ல் நின்றது. விஸ்தாரா 2024-ல் ஏர் இந்தியாவுடன் கலந்தது.

நம் வாகைக்குளத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. நிலையம் 1992-ல் திறக்கப்பட்டது. சில காலம் விமானம் வந்தது; பிறகு நின்றது. 2006-ல் ஏர் டெக்கான் வந்து மறுபடி வழி திறந்தது. அக்காலத்தில் இங்கே ஓடுபாதையின் நீளம் சுமார் 1,350 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்கள் இறங்க அது போதாது. ஏடிஆர் போன்ற, இறக்கையில் விசிறி சுழலும் சிறு விமானங்களே இறங்கும். அத்தகைய விமானங்களை வைத்திருக்கும் கம்பெனிகளை நம் நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இத்தனை ஆண்டுகளாக நமக்காகக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தவர் நாமல்லோம். ஓடுபாதையின் நீளமே தேர்ந்தெடுத்தது.

இப்போது அது 3,115 மீட்டராக நீட்டப்பட்டிருக்கிறது. 2025 ஜூலை 26-ல் பிரதமர் புதிய நிலையக் கட்டடத்தையும் திறந்துவைத்தார். ஜெட் விமானங்கள் இறங்கப் பாதை ஆயத்தமாகிவிட்டது. பாதை போட்டவர்கள் சர்க்கார். அதில் எத்தனை கம்பெனிகள் நிலைத்து நிற்கும் என்பது, நம் ஜில்லாக்காரர்கள் எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்து ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தது.

எல்லோரும் ஒன்றையே பற்றி நின்றால் என்ன ஆகும் என்பதைக் காண நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நாம் சென்னை போய்த் திரும்பிய சில வாரங்களில், 2025 டிசம்பர் முதல் வாரத்தில், நாட்டின் உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிச்செல்லும் இண்டிகோ கம்பெனி, ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமானிகளுக்குப் போதிய ஓய்வு தர வேண்டும் என்ற புதிய விதி அமலுக்கு வந்தபோது, அதற்குத் தக்க ஆள் ஏற்பாடு இல்லாமற் போனதே முக்கியக் காரணம். விதி நல்ல விதி. தூக்கக் கலக்கத்தில் விமானம் ஓட்டுவதை எவரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் ஒரு கம்பெனி தடுக்கி விழுந்ததும் ஒரு தேசமே விமான நிலையங்களில் பெட்டியின் மேல் தலைவைத்துப் படுத்துக் கிடந்தது. மற்றக் கம்பெனிகளின் கட்டணம் விண்ணைத் தொட்டது. ஐந்நூறு கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், ஆயிரம் கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய் என்று சர்க்கார் உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. சென்னைக்கும் வாகைக்குளத்துக்கும் இடையே வான்வழித் தூரம் ஐந்நூறைச் சற்றே தாண்டும்!

நோட்டுப் புத்தகக் கணக்கு

இனி நம் கணக்குக்கு வருவோம். செவ்வாய்க்கிழமைக்கு மூன்று வழிகள் கைபேசித் திரையில் தெரிந்தன. இருவருக்கும் ஆகும் செலவைப் பள்ளிப் பிள்ளைகளைப் போல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தோம்.

மதுரையிலிருந்து வைகறையில் புறப்படும் விமானத்தில் ஆளுக்கு 3,600 ரூபாய். மூன்றிலும் மலிவு அதுவே. ஆனால் மதுரை நூற்றைம்பது கிலோமீட்டர். வாடகைக் காருக்குப் போகவரச் சேர்த்து 4,000 ரூபாய். அந்தக் கட்டணத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனிக் காசு; சிற்றுண்டிக்குத் தனிக் காசு; அதில் ஓர் அறுநூறு. ஆக மொத்தம் 11,800. இதற்காக அத்தையை நள்ளிரவில் எழுப்பிக் காரில் உட்கார்த்த வேண்டும்.

வாகைக்குளத்திலிருந்து காலை விமானத்தில் ஆளுக்கு 5,400 ரூபாய். காருக்கு 700. மொத்தம் 11,500. விலை அதிகமென்று முதலில் தள்ளிவைத்த இது, மலிவானதைவிட முந்நூறு ரூபாய் குறைவாக முடிந்தது.

வாகைக்குளத்திலிருந்து அன்றைய கடைசி விமானத்தில் ஆளுக்கு 4,600. கார் சேர்த்து 9,900. உண்மையில் மலிவானது இதுதான். காலை விமானத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1,600 ரூபாய். பழைய ஆயிரத்து இருநூறு நம் கண்முன் வந்து நின்றது.

விமானத் தொழிலின் ஓர் உண்மையை இங்கே கவனிக்க வேண்டும். குறுந்தூர வழியில் ஓடும் விமானம் ஒரே நாளில் பல ஊர்களுக்குப் போய்வருகிறது. காலையில் ஓரிடத்தில் பத்து நிமிஷம் பிந்தினால், மத்தியானத்தில் அது அரைமணியாகும். மாலையில் ஒன்றரை மணியாகும். கடன் வட்டியைப் போல் தாமதமும் குட்டி போடும். ஆகவே காலைப் புறப்பாடே நம்பத்தக்கது. தவறினாலும் அன்றைக்குள் வேறு வழி தேடப் பொழுது இருக்கும். அந்த 1,600 ரூபாய் இருக்கைக்கல்ல. அந்தப் பொழுதுக்கு நாம் கொடுக்கும் விலை. காலை விமானத்தையே வாங்கினோம்.

பிரயாணிக்குரிய உரிமைகளையும் அன்றே படித்து வைத்துக்கொண்டோம். முன்னொரு நாள் அவற்றை அறியாமல் வாய் மூடித் திரும்பியிருந்தோம். விமானம் ரத்தானால், வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். உரிய காலத்தில் அறிவிக்காமல் ரத்து செய்தால், பறக்கும் நேரத்துக்குத் தக்கபடி 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருட் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றுள் குறைந்ததை நஷ்ட ஈடாகப் பெறலாம். புயல் மழை போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு அது இல்லை. நீண்ட தாமதமானால் உணவு தர வேண்டும். முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும். கட்டணத்தைப் பார்க்கும் கண்ணால் இவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் முடிவு செய்துகொண்டோம். அவசரமில்லாத பிரயாணங்களில், வித்தியாசம் நூறு இருநூறாக இருந்தால், சிறிய கம்பெனிக்கும் ஒரு முறை நம் காசைக் கொடுப்பது. அது தானமன்று. நாளைக்கும் தேர்ந்தெடுக்க இரண்டு இருக்க வேண்டுமே என்ற சுயநலந்தான்.

வாகைக்குளம்

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கார் வந்தது. வண்டி ஓட்டிய இளைஞர், "ஆச்சி, முதத் தடவையா? பயப்படாதீங்க" என்றார். "நான் எதுக்குல பயப்படுதேன்? நீ மெள்ள ஓட்டு" என்றார் அத்தை.

ஆற்றுப் பாய்ச்சல் வயல்களைக் கடந்ததும் பூமி மாறிவிடுகிறது. வாழையும் நெல்லும் மறைந்து, மானாவாரிக் காடும் பனையும் உடைமரமும் தொடங்குகின்றன. அந்த வறண்ட வெளியின் நடுவே கண்ணாடி மாளிகை போல் நிலையம் எழுந்து நிற்கிறது. சக்கர நாற்காலியில் ஏற மாட்டேன் என்ற அத்தை, உள்ளே இருந்த நீண்ட கூடத்தைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் ஏறிக்கொண்டார். கைப்பையைச் சோதித்தபோது அதிலிருந்த கள்ளபிரான் கோயில் துளசிப் பொட்டலத்தைக் காவலர் பிரித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாக மடித்துக் கொடுத்தார்.

நாம் ஏறியது ஏடிஆர் விமானம். ஜெட் அளவு பெரிதன்று. எழுபதுக்கு மேற்பட்டவர்கள் உட்காரலாம். இரண்டிரண்டு பேராக அமர்வதால் நடுவில் நசுங்குகிறவர் எவருமில்லை. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் பறக்கும். குறுந்தூரத்துக்கு ஜெட்டைவிட எண்ணெய்ச் செலவு குறைவு. எல்லாவற்றினும் மேலான சௌகரியம், இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதுதான். எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் பூமி தெரிகிறது.

எழும்பியதும் கிழக்கே உப்பளங்கள் சதுரம் சதுரமாக வெயிலில் மின்னின. அவற்றுக்கு அப்பால் துறைமுகமும், அதற்கும் அப்பால் மன்னார் வளைகுடாவும் தெரிந்தன. அந்தத் துறைமுகம் இப்போது வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்குகிறது. கப்பலை இழந்தவர் பெயரில் துறைமுகமே நிற்கிறது. விமானம் ஒருபுறம் சாய்ந்து திரும்பியபோது, தெற்கே தாமிரபரணி பச்சைக்கரை வேஷ்டியைப் போல் நீண்டு கிடந்தது. அத்தை நல்ல கண்ணை ஜன்னலோடு ஒட்டிவைத்துக்கொண்டார்.

"நான் ரெண்டு நாள் இருந்த ஸ்டேஷன் எங்கல?"

ஆற்றின் தென்கரையை விரலால் சுட்டிக் காட்டினோம். ஸ்டேஷன் நம் கண்ணுக்கும் தெரியவில்லை. அவர் நெடுநேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் வந்து மூடிய பிறகு, "சோறு கொண்டாந்த பிள்ளைக எல்லாம் நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சென்னையில் இறங்கும்போது மழை பெய்துகொண்டிருந்தது. இந்த விமானத்தில் பின்புறக் கதவின் படி வழியாக இறங்கி, திறந்த வெளியில் நின்ற பஸ்ஸில் ஏற வேண்டும். படியின் அடியில் கம்பெனிச் சிப்பந்திகள் இருவர் குடைகளை விரித்து, இறங்குகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் படியில் அத்தை நின்றுவிட்டார். நீட்டிய குடையை வாங்கவில்லை. பின்னால் வந்தவர்கள் காத்து நின்றார்கள். நம்மைத் திரும்பிப் பார்த்து, "குடை கொடுக்க மாட்டாங்கன்னியே?" என்றார்.

சிப்பந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாட்டி, பஸ்ல ஏறினதும் திருப்பி வாங்கிக்குவாங்க" என்றார்.

"திருப்பிக் கொடுக்கணுமா? அப்படின்னாச் சரி" என்று குடையை வாங்கிக்கொண்டு அத்தை மழையில் இறங்கினார்.